கியர் பாக்ஸ் இறங்கியதும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கிளட்ச் பிளேட் மாற்றுவதைப் பற்றி எழுதியபோது, 'கியர் பாக்ஸ் இறங்கியதும் பிளைவீலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையை விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க பிளைவீல்தான். இன்ஜினின் சுற்றும் தண்டான கிராங்க்கின் முனையில் மாட்டியிருக்கும் கனமான இரும்புச் சக்கரம் அது, கிளட்ச் பிளேட் அதன் முகத்தில்தான் அழுந்திப் பிடிக்கும். பிரேக் சத்தம் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, கிளட்ச் மாற்றுவதற்காக வண்டியை விட்டிருக்கிறேன். கியர் பாக்ஸை இறக்கிய மெக்கானிக், 'பிளைவீலும் போய்விட்டது, மாற்றணும்' என்று போனில் சொல்கிறார். நேற்று வரை வண்டி ஓடிக்கொண்டுதானே இருந்தது? நம்பலாமா?

பதில்: 'போய்விட்டது' என்பதெல்லாம் ஒரு பதிலா? எது போனது, எங்கே போனது என்று கேளுங்கள். போனிலேயே சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் படம் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு என்ன தெரியும் என்று கூச்சப்பட வேண்டாம். பிளைவீலில் ஒளிவு மறைவு கிடையாது, கெட்டுப்போனால் முகத்திலேயே எழுதியிருக்கும்.

கிளட்ச் பிளேட் உரசும் முகம் சாம்பல் நிறத்தில், ஒரே சீராக, சன்னமான வட்டக் கோடுகளோடு இருந்தால் அது நல்ல பிளைவீல். கறுப்புப் பொடி படிந்திருந்தால் துடைத்தால் போய்விடும். பளபளவென்று மினுங்கினால் வழவழப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். சாணை பிடித்தால் சரியாகிவிடும். நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அந்த இடம் சூட்டில் வெந்திருக்கிறது. இப்போது விரல் நகத்தை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி இழுங்கள். நகம் தட்டி நின்றால் அங்கே பள்ளம் இருக்கிறது. தேய்ந்துபோன பிளேட்டின் ரிவெட் கீறிய பள்ளமாக இருக்கும், வட்டமாக ஓடும்.

வெடிப்பு என்றால் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். முகத்தின் மேலோடு பின்னிக் கிடக்கும் மயிரிழைக் கீறல்கள் சாணையில் போய்விடக்கூடும். ஆனால் ஒரு வெடிப்பு போல்ட் துளையைத் தொட்டிருந்தாலோ விளிம்பு வரை ஓடியிருந்தாலோ பேச்சே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் இரும்பு அது. உடைந்தால் கியர் பாக்ஸ் கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

'ஓடிக்கொண்டுதானே இருந்தது' என்கிறீர்கள். வெந்துபோன பிளைவீலோடும் வண்டி ஓடும். ஆனால் அதன் மேல் புதுப் பிளேட்டை வைத்தால் கிளம்பும்போது உடம்பு குலுங்கும், பிளேட்டும் சீக்கிரம் தேயும். இந்த வேலையில் பெரும்பகுதி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். பிளைவீலைக் கழற்றுவது அதற்கு மேல் ஆறோ எட்டோ போல்ட். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் முடிவை இப்போதே எடுங்கள், ஆனால் கண்ணால் பார்த்துவிட்டு எடுங்கள்.

போகும்போது இன்னொன்றையும் பாருங்கள். பிளைவீலுக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் ஈரமாக இருக்கிறதா? இருந்தால் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறது. அதை விட்டுவிட்டுப் பிளைவீல், கிளட்ச் என்று எதை மாற்றினாலும் புதுப் பிளேட் எண்ணெயில் நனைந்து வழுக்கத்தான் செய்யும்.

கேள்வி: நீலம் பூத்த பிளைவீலை லேத்தில் கொடுத்துச் சீவினால் போதாதா? எதற்குப் புதிது?

பதில்: பல நேரம் போதும். ஆனால் லேத்தை விடச் சாணைக்கல் நல்லது. வார்ப்பிரும்பு ஒரு இடத்தில் அளவுக்கு மீறிச் சூடாகி ஆறினால் அந்த இடம் மட்டும் கெட்டிப்படும். லேத்தின் உளி மெத்தான இடத்தை வெட்டும், கெட்டித் திட்டு வந்ததும் அதன் மேல் ஏறி இறங்கிவிடும். கையால் தடவினால் தெரியாத மேடு அங்கே நிற்கும். கிளட்சை விடும்போது வண்டி நடுங்குவதற்கு அது போதும். சாணைக்கல்லுக்குக் கெட்டி, மெத்து என்ற பேதம் கிடையாது, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். அப்படியும் திட்டு ஆழமாகப் போயிருந்தால் சாணைக்குப் பிறகும் நிழல் மாதிரி அதே இடத்தில் தெரியும். அப்போது புதிதுதான்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சில பிளைவீல்கள் தட்டையாக இருக்கும். சிலவற்றில் பிளேட் உரசும் முகம் உள்ளே தாழ்ந்தும், பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் தட்டு) முடுக்கும் விளிம்பு உயர்ந்தும் இருக்கும். இந்த இரண்டாவது வகையில் அந்தப் படியின் உயரம் உயிர்நாடி. முகத்தை அரை மில்லிமீட்டர் சீவிவிட்டு விளிம்பைச் சீவாமல் விட்டால், பிளேட் அரை மில்லிமீட்டர் பின்வாங்கிவிடும், பிரஷர் பிளேட்டின் பிடி அந்த அளவுக்குத் தளரும். புது கிளட்ச் போட்டும் மேட்டில் வழுக்குகிறது என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு வியாதி இதுதான். சாணைக்குக் கொடுக்கும் முன் படியை அளந்து எழுதிவையுங்கள். திரும்பி வந்ததும் அளந்து பாருங்கள். முகத்தில் எடுத்த அளவு விளிம்பிலும் எடுத்திருக்க வேண்டும். குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று சர்வீஸ் கையேட்டில் போட்டிருப்பார்கள், அதற்குக் கீழே போகக் கூடாது.

கேள்வி: அண்ணே, செல்ஃப் அடித்தால் சில நேரம் 'கர்ர்ர்' என்று அரைத்துவிட்டு நின்றுவிடுகிறது. வண்டியைக் கியரில் போட்டு லேசாகத் தள்ளிவிட்டு மறுபடி அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. செல்ஃப் மோட்டாரைப் புதிதாகவே மாற்றிவிட்டேன். தீரவில்லை.

பதில்: தம்பி, நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டு மருந்தை வேறு இடத்தில் தேடியிருக்கிறீர்கள். தள்ளிவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது என்றால், தள்ளும்போது இன்ஜின் கொஞ்சம் சுற்றி, செல்ஃபின் பல்லுக்கு எதிரே வேறு பல் வருகிறது. பிளைவீலின் ஓரத்தில் இருக்கும் பல் வளையமான ரிங் கியர் ஓரிரு இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது.

ஏன் ஓரிரு இடத்தில் மட்டும்? சாவியை அணைத்தால் இன்ஜின் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. ஏதாவது ஒரு சிலிண்டரில் காற்று அழுந்தி, அந்த அழுத்தத்தைத் தாண்ட முடியாமல் பின்வாங்கி நிற்கும். நாலு சிலிண்டர் இன்ஜினில் அந்த அழுத்தம் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் வரும். அதனால் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும், அடுத்த முறை செல்ஃப் வந்து மோதுவதும் அதே பற்களில்தான். மூன்று சிலிண்டர் என்றால் மூன்று இடம் தேயும்.

நல்ல செய்தி: சாதாரண பிளைவீலாக இருந்து முகம் நன்றாக இருந்தால் ரிங்கை மட்டும் மாற்றலாம். நான் பட்டறையில் அலுக்காமல் பார்க்கும் வேலைகளில் இது ஒன்று. பழைய ரிங்கில் இரண்டு பல்லுக்கு நடுவே துளை போட்டு, உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் பிளந்து கழன்றுவிடும். புது ரிங்கின் உள்வட்டம் பிளைவீலை விடக் கொஞ்சம் சின்னது. அடித்து ஏற்றக் கூடாது, சூடேற்ற வேண்டும். 280 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிங்கை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் விரியும். அந்த இடைவெளி போதும். இடுக்கியால் பிடித்து வைத்தால் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். ஒரு பக்கமாகக் காட்டாமல் சுற்றிலும் சீராகச் சூடேற்ற வேண்டும். வைக்கோல் நிறம் படியும்போது கேஸ் விளக்கை எடுத்துவிட வேண்டும். நீலம் ஓடிவிட்டால் பல்லின் பதம் போயிற்று, அந்த ரிங் வீண். உட்கார்ந்த பிறகு தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட வேண்டும். பல்லின் சரிவு வெட்டிய பக்கம் செல்ஃப் வந்து நுழையும் பக்கமாக இருக்க வேண்டும். ஏற்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், ஆறிய பிறகு திருப்ப முடியாது.

புது செல்ஃபின் சின்ன கியரையும் ஒரு தடவை பாருங்கள். தேய்ந்த ரிங்கோடு மோதி அதுவும் மழுங்கியிருக்கலாம்.

கேள்வி: டீசல் வண்டி. ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) கடகடவென்று சத்தம், அணைக்கும்போது 'டொக்' என்று ஒரு உதறல். இரட்டை பிளைவீல் போய்விட்டது என்கிறார்கள். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. அதை எடுத்துவிட்டு ஒரே கட்டையான சாதாரண பிளைவீல் போட்டுக்கொள்ளலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

பதில்: முதலில் சத்தம் அதனுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். கிளட்சை மிதித்ததும் சத்தம் வந்தால் மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகியுங்கள். மிதித்ததும் சத்தம் மறைந்தால் கியர் பாக்ஸின் முன் பேரிங்காகவும் இருக்கலாம், பிளைவீலாகவும் இருக்கலாம். அணைக்கும்போது வரும் உதறல் பிளைவீலைத்தான் காட்டுகிறது. ஆனால் இன்ஜெக்டர் ஒன்று சரியாக அடிக்காமல் ஐடிலே தடுமாறினாலும் இதே கடகடப்பு வரும். கியர் பாக்ஸை இறக்கும் முன் அதைச் சோதிப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

இன்ஜின் சீராகச் சுற்றுவது போலத் தெரிந்தாலும் அது அடி அடியாகத்தான் சுற்றுகிறது. நாலு சிலிண்டர், ஐடிலில் 800 சுற்று என்றால் நிமிடத்துக்கு 1,600 வெடி, நொடிக்கு இருபத்தாறு இருபத்தேழு. டீசலில் ஒவ்வொரு வெடியும் பலமான உதை. சாதாரண பிளைவீல் தன் எடையால் அந்த உதையைக் குறைக்கும், மிச்சம் கியர் பாக்ஸுக்குப் போகும். இரட்டை பிளைவீலில் ஒன்றுக்குப் பதில் இரண்டு தட்டுகள். ஒன்று கிராங்க்கோடு சுற்றும், மற்றது கிளட்சோடு சுற்றும், நடுவே கிரீஸில் ஊறிய நீளமான வளைந்த ஸ்பிரிங்குகள். உதை ஸ்பிரிங்கோடு நின்றுவிடும். ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு டீசல் கார்களில் பரவலாகிவிட்டது.

கழற்றிய பிறகு வெளித் தட்டைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கொஞ்ச தூரம் சும்மா திரும்பி, அப்புறம் ஸ்பிரிங் எதிர்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் திரும்பி 'டக்' என்று முட்டினால் ஸ்பிரிங் போயிற்று. அடுத்து அதை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அது தெரியாமல் 'ஆடுகிறது, போச்சு' என்று சொல்வது தப்பு. புதிதிலேயே கொஞ்சம் ஆட்டம் உண்டு. கறுப்பு கிரீஸ் சுற்றிலும் தெறித்திருந்தால் மட்டும் அளவே வேண்டாம், மாற்றிவிடலாம். இதைச் சாணைக்குக் கொடுத்து ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மாற்றாகச் சாதாரண பிளைவீல் போடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. போட்டால் ஓடாது என்பதல்ல, ஓடும். நடுவே ஸ்பிரிங் உள்ள கிளட்ச் பிளேட்டோடு சேர்த்துச் செட்டாகவே விற்கிறார்கள். ஆனால் அந்தச் சின்ன ஸ்பிரிங்குகளால் பெரிய வளைந்த ஸ்பிரிங்குகள் தாங்கிய உதையை முழுக்கத் தாங்க முடியாது. மிச்சம் கியர் பற்களுக்கும் கிராங்க்குக்கும் போகும். வண்டி பழசு, இன்னும் கொஞ்ச காலம் ஓடினால் போதும், ஐடிலில் கியர் பாக்ஸ் கடகடத்தாலும் பரவாயில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். நெடுநாள் வைத்திருக்கப் போகிற வண்டிக்குக் கம்பெனி எதைக் கொடுத்ததோ அதையே போடுங்கள்.

கேள்வி: பிளைவீலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

பதில்: அப்படிக் கணக்கு எதுவும் இல்லை. நல்ல கையில் இருக்கும் சாதாரண பிளைவீல் வண்டியின் ஆயுளுக்கும் வரும். மேட்டில் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் அதைச் சுட்டெடுக்கும். இரட்டை பிளைவீலுக்கு வேறொரு எமன்: டாப் கியரில் இன்ஜின் திணறத் திணற ஆக்சிலேட்டரை அமுக்குவது. மைலேஜ் கிடைக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். கியரைக் குறையுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறேன். இதெல்லாம் எனக்கும் உண்டா?

பதில்: டார்க் கன்வெர்ட்டர் வகை (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்துவது) என்றால் உங்கள் வண்டியில் கனமான பிளைவீலே கிடையாது. அந்த இடத்தில் பல் வைத்த மெல்லிய எஃகுத் தகடு ஒன்று இருக்கும். கனத்துக்கு எண்ணெய் நிறைந்த கன்வெர்ட்டரே போதும். அந்தத் தகடு போல்ட் துளைகளைச் சுற்றி வெடிக்கலாம். வெடித்தால் 'டக் டக்' என்று ஐடிலில் தட்டும் சத்தத்தை இன்ஜின் பேரிங் என்று எண்ணி இன்ஜினையே பிரித்துவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு முன் தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இரட்டைக் கிளட்ச் வகை வேறு. அவற்றில் பலவற்றுக்கு இரட்டை பிளைவீல் இருக்கிறது.

கேள்வி: சார், கருவிகள் ஓரளவு இருக்கின்றன, கிளட்ச் ஒரு முறை நானே மாற்றியிருக்கிறேன். பிளைவீலையும் நானே மாற்றலாமா? போல்ட் பழையதையே போடலாமா?

பதில்: கிளட்ச் மாற்றத் தெரிந்தவருக்கு இது முடியும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். பல வண்டிகளில் இந்த போல்ட்டுகள் முடுக்கும்போதே இழுபட்டு நீளும் வகை. ஒரு முறை நீண்டது நீண்டதுதான், மறுபடி முடுக்கினால் அதே பிடி வராது. புதுப் பெட்டியில் போல்ட் இல்லையென்றால் தனியாக வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

புது பிளைவீல் வந்ததும் பழையதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டம், கனம், பல் எண்ணிக்கை, போல்ட் துளைகள், இடம் பிசகாமல் நிறுத்தும் ஊசிகளுக்கான துளைகள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். முக்கியமாக, சில வண்டிகளில் கிராங்க் சென்சார் (கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது என்று அறியும் கருவி) படிக்கும் வெட்டுகள் பிளைவீலிலேயே இருக்கும். அது ஒன்று மாறியிருந்தால் எல்லாம் பொருந்தி, எல்லாம் முடுக்கி, கடைசியில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றாமல் கீழே போகாதீர்கள். கழற்றும்போது ரிங் கியரில் பூட்டுக் கருவி ஒன்றை மாட்டிச் சுற்றாமல் நிறுத்துங்கள். ஸ்குரூ டிரைவரைச் சொருகி நிறுத்தினால் பல் உடையும். எல்லா போல்ட்டையும் உருவிவிடாமல் எதிரெதிரே இரண்டை அரைகுறையாக விட்டுவையுங்கள். சாதாரண பிளைவீலே ஏழெட்டு கிலோ இருக்கும், இரட்டை அதற்கு மேல். மல்லாந்து படுத்திருக்கும்போது மார்பில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கழற்றியதும் கிராங்க்கின் முகத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மணல் துகள் அங்கே மாட்டினால் பிளைவீல் கோணலாக உட்காரும், விளிம்புக்குப் போகும்போது அந்தக் கோணல் பல மடங்காகும். ஆயில் சீலை இப்போதே மாற்றிவிடுங்கள். புது பிளைவீலின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்பியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் கழுவிவிட்டு, அதன் பிறகு எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்.

சில இன்ஜின்களில் போல்ட் துளை உள்ளே ஆயில் இருக்கும் இடம் வரை போகும். அவற்றில் மரையில் கசிவைத் தடுக்கும் பசை பூச வேண்டும். பூசப்பட்டே வரும் போல்ட்டுகளும் உண்டு. எல்லா போல்ட்டையும் கையால் உட்காரவைத்து, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக முடுக்குங்கள். கடைசி முடுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். சில வண்டிகளுக்கு 60 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 90 டிகிரித் திருப்பு என்று இருக்கும். இது உதாரணம்தான், உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பார்த்துப் போடுங்கள். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) இருந்தால் முகத்தில் ஊசியை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அனுமதி பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

மற்றதெல்லாம் கிளட்ச் வேலை, உங்களுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஏற்றும்போது கியர் பாக்ஸின் எடையை அதன் ஷாஃப்ட்டில் தொங்கவிடாதீர்கள். ஜாக்கியைக் கீழே கொடுத்து, மட்டம் பார்த்து, தானாக உள்ளே போகும் வரை பொறுமையாக ஆட்டுங்கள். போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்க்கப் பார்த்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

கேள்வி: லேசான பிளைவீல் போட்டால் வண்டி பறக்குமா?

பதில்: இன்ஜினின் சக்தி ஒரு குதிரை கூட ஏறாது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் சுற்று சட்டென்று ஏறும், விட்டால் சட்டென்று இறங்கும். முதல் இரண்டு கியரில் கொஞ்சம் துடிப்பு தெரியும், டாப் கியரில் தெரியாது. பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு ஐடில் தள்ளாடும், கிளட்சை விடும்போது வண்டி அணையும்.

கேள்வி: பிளைவீல், கிளட்ச் இரண்டும் புதிது. முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் வண்டி நடுங்குகிறது. பட்டறையில் 'ஓட ஓடச் சரியாகும்' என்கிறார்கள்.

பதில்: ஓரளவு உண்மை. புதுப் பிளேட்டும் புது முகமும் ஒன்றோடொன்று படிய முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை ஹாஃப் கிளட்சில் வாட்டாமல், பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள். நடுக்கம் குறைந்துகொண்டே வந்தால் விட்டுவிடலாம்.

குறையவில்லை என்றால் முதலில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் வைத்த இன்ஜின் மவுண்டைப் பாருங்கள். கியர் பாக்ஸை இறக்கும்போது அதன் போல்ட்டைத் தளர்த்தியிருப்பார்கள், அல்லது பழைய ரப்பர் இந்த வேலையில் கிழிந்திருக்கும். கியர் பாக்ஸைத் தொடாமலே பார்க்கக்கூடியது இது ஒன்றுதான். அடுத்து, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் நேர்கோடு காக்கும் இரண்டு சின்ன ஊசிகள் திரும்ப மாட்டப்பட்டனவா என்று பட்டறையில் கேளுங்கள். கழற்றும்போது ஒன்று பழைய கூட்டோடு போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டாலும் எல்லா போல்ட்டும் ஏறும், ஆனால் ஷாஃப்ட் மையம் விலகி நிற்கும். இதற்கும் 'இருக்கு சார், போட்டாச்சு' என்று பதில் வந்து நடுக்கமும் தொடர்ந்தால் கியர் பாக்ஸை மறுபடி இறக்கத்தான் வேண்டும். இறக்கும் அன்று நீங்களும் அங்கே இருங்கள். பிளேட்டில் எண்ணெய்க் கறை இருக்கிறதா, நடுப்பகுதி வளைந்திருக்கிறதா, பிளைவீலின் முகம் டயல் கேஜில் எவ்வளவு ஆடுகிறது என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.